உங்கட மரண அறிவித்தலில் நான் மாற்றிய ஊர்

பெருமாளண்ணைக்கு, எப்போதும் போல அன்போடு,

போன சனிக்கிழமை நூலகத்தில் நாற்பது பேருக்கு முன்னால் என்ர மானம் போனது. நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். ஆனபடியால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்ர மகள் துளசிக்கு உயர்தர வகுப்பில் ஒரு பழைய வெளிநாட்டு நாவல் பாடம். வெள்ளைக்காரர் கறுப்பு ஆட்களை நடத்திய விதத்தைப் பற்றியது. தமிழில் வந்திருக்கிறது. பிள்ளைகள் அதன் கருப்பொருளையும் பாத்திரங்களையும் ஆராய்ந்து வாசிப்பு வட்டத்தில் பேச வேண்டும். பெற்றோரும் பேசலாம் என்று ரீச்சர் சொன்னா. எனக்கு அது காணுந்தானே? ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் விழுந்தவனுக்கு இலக்கியத்திலாவது எழும்பி நிற்க ஆசை. மூன்று கிழமை கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். ஒரு பக்கமும் விடவில்லை.

கதை இதுதான் அண்ணை. அந்தப் பெயர்கள் என்ர வாயில் நிற்காது, தொழிலால் சொல்கிறேன். ஆற்றங்கரைப் பட்டினம் ஒன்றில் ஒரு வெள்ளைக் கடைக்காரன், ஒரு கறுப்புத் தச்சன். இரண்டு பேரும் நல்ல சிநேகிதம். ஒரு நாள் அங்கே பலகை விற்கிற மரக்காலை ஒன்று எரிந்துபோகிறது. பழி கறுப்பு ஆட்கள் இருக்கிற தெருவின் மேல் விழுகிறது. கூட்டம் தச்சனையும் பிடிக்க வருகிறது. கடைக்காரன் குறுக்கே நின்று, "இவன் அந்தத் தெரு ஆள் இல்லை, எங்கட ஆள்" என்கிறான். தச்சன் தப்பிவிட்டான். தெருவில் மிச்சப் பேரையெல்லாம் துரத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு தச்சன் அந்தக் கடைப் படியை மிதிக்கவே இல்லை.

நான் எழும்பி, கடைக்காரன்தான் கதாநாயகன் என்றேன். இப்படி ஒரு சிநேகிதன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றேன். தச்சனுக்கு நன்றி இல்லை என்றேன். தச்சனின் மனைவி ஒரு இடத்தில் கடைக்காரன் கொண்டுவந்த ரொட்டிப் பாணை வாங்காமல் கதவைச் சாத்துகிறா. அவா கொஞ்சம் வாய்க்காரி என்றும் தீர்ப்புச் சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். "அங்கிள், அப்ப தச்சன் ஏன் பிறகு கடைக்கு வரேல்லை?"

"வேலை கூடவா இருந்திருக்கும், பிள்ளை."

மண்டபமே சிரித்தது. ரீச்சரும் கொப்பியால் வாயை மறைத்தா. துளசி மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து தொடங்கினாள்.

"அப்பா, கடைக்காரன் கெட்டவன் இல்லை. ஆனா தச்சனைக் காப்பாத்த அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி, அவன்ர தெருவை அவனிட்ட இருந்து பறிக்கிறது."

"உயிர் தப்பினது காணாதே?"

"அவன்ர தம்பி, தங்கச்சி எல்லாம் அந்தத் தெருவிலதானே. இவன் எங்கட ஆள் எண்டா, அவை ஆர்?"

"நீ ரீச்சர் மாதிரிக் கதையாத. மழை வரப் போகுது."

"பெருமாள் பெரியப்பான்ர மரண அறிவித்தலை ஆர் எழுதினது?"

ரோட்டில் பள்ளம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வண்டி ஒருக்கால் ஆடியது.

நான்தான் அண்ணை. நீங்கள் கண்ணை மூடிய அன்று உங்கட மகன் சுரேஸ், "சித்தப்பா, நீங்களே எழுதுங்கோ" என்று பேனையைத் தந்தான். எனக்குப் பெருமைதான். இங்கே ஒருவர் செத்தால் முதல் வசனமே ஊர்தானே. எங்கே பிறந்தவர், எங்கே இருந்தவர், அதற்குப் பிறகுதான் பெயர். "உருத்திரபுரத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று ஒரே மூச்சில் எழுதினேன். அச்சடித்து மதகிலும் லைற் கம்பத்திலும் ஒட்டினோம். நீங்கள் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இனக்கலவரத்துக்குப் பிறகு இருபது வயதில் வன்னிக்கு, எங்கட உருத்திரபுரத்துக்கு வந்தவர் என்பது ஊருக்கே தெரியும். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபடியால் சரி என்று நினைத்தேன்.

செத்தவீட்டுக்கு ஹட்டனிலிருந்து பஸ் மாறி மாறி வந்த உங்கட தங்கச்சியைச் சந்தியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தது துளசிதான். கம்பத்தில் அறிவித்தலைக் கண்டு அவா நின்றாவாம். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாவாம். "அண்ணே இங்கயா பொறந்துச்சு?" என்று கேட்டாவாம். பிறகு, "அப்ப நாங்கல்லாம் யாரு, கண்ணு?"

இதைத் துளசி சொல்லி முடிக்க வீடு வந்துவிட்டது. மழை மட்டும் வரவில்லை.

இரண்டு நாள் எனக்காக நானே வழக்காடினேன். சண்டையில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நீங்களும் நானும் ஒரே தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ் படுத்தோம், ஒரே சட்டியில் கஞ்சி குடித்தோம். அப்போது ஆருக்கு எந்த ஊர்? ஆனால் திரும்பி வந்து வீடுகளைக் கட்டியதும் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விட்டது. என்ர அத்தான் வந்தால் நீங்கள் கதிரையை விட்டு எழும்புவீர்கள். நான் "இருங்கோ அண்ணை, இருங்கோ" என்பேன். சொல்லிக்கொண்டே அந்தக் கதிரையை அத்தான் பக்கம் இழுத்து விடுவேன்.

ஒருமுறை கோயில் கூட்டத்தில் ஒருவர் "தோட்டக்காட்டார்" என்று நக்கலாகச் சொன்னபோது நான் பாய்ந்து விழுந்தேன். "பெருமாளண்ணை அப்பிடி ஆள் இல்லை, அவர் எங்கட ஆள்" என்று சண்டைக்குப் போனேன். அன்று பின்னேரம் வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து நீங்கள் சொன்னீர்கள்: "தம்பி, நீங்க நல்ல மனுசன். ஆனா நான் அப்பிடி ஆளுதான்." நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். ஏன் அண்ணை சிரித்தீர்கள்?

மூன்றாம் நாள் உங்கட வீட்டுக்குப் போனேன். வாற வெள்ளி உங்கட முப்பத்தோராம் நாள் காரியம். அன்றைக்கு வருகிறவர்களுக்கு உங்கட நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். அதிலாவது நீங்கள் பிறந்த தோட்டத்தின் பெயரைப் போடுவது என்று முடிவெடுத்திருந்தேன். முடிவெடுத்த பிறகுதான் விளங்கியது, அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நாற்பது வருசப் பழக்கம், அண்ணை. உங்கட மாடுகளின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும்.

உங்கட மனுசி காமாட்சியக்கா முற்றத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றா.

"அக்கா, அண்ணை பிறந்த தோட்டத்தின்ர பேர் என்ன?"

"இப்ப எதுக்கு தம்பி அது?"

"கல்வெட்டில போட."

கிளறிய கை நின்றது. "மஞ்சக்கல் தோட்டம். மேப்பிரிவு, ஏழாம் லயம்." பிறகு, "லயத்து வரிசை வீட்டையும் போடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டா.

"போடுவன் அக்கா."

"அவரு சந்தோசப்படுவாரு." அவா மறுபடி நெல்லைக் கிளறினா. குனிந்தபடியே, "அன்னைக்கு ஏன் தம்பி அப்பிடிப் போட்டீங்க?"

"அது அச்சகத்தில விட்ட பிழை, அக்கா."

அவா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "அப்பிடியா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினா. அந்த வீட்டுத் தேத்தண்ணியை எப்போதும் முற்றத்திலேயே நின்று குடித்துவிட்டு, அவசர வேலை இருக்கிறது என்று ஓடுகிறவன் நான். அன்று உள்ளே போய் இருந்து குடித்தேன். பெரிய வீரம்தான், என்ன?

கல்வெட்டின் முதல் வரியில் மஞ்சக்கல் தோட்டம், மேற்பிரிவு, ஏழாம் லயம் என்றே இருக்கும். ஒரு பிரதியை நானே பஸ் ஏறிக் கொண்டுபோய் உங்கட தங்கச்சியின் கையில் கொடுப்பேன். இது உங்களுக்குத் தருகிற சத்தியம். இந்தக் கடிதத்தையும் கடைசிப் பக்கத்தில் போடச் சொல்லிச் சுரேசிடம் கொடுக்கிறேன். காமாட்சியக்காவும் வாசிப்பா. அன்று முற்றத்தில் அவாவிடம் வாயால் சொல்லாததை அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அச்சகத்தில் ஒருவரும் பிழை விடவில்லை. என்ர சிநேகிதன் தோட்டத்து ஆள் என்று ரோட்டால் போகிறவன் வாசித்துவிடுவானே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

உங்கட தம்பி,
தவராசா