நீ வெளுத்த தண்ணீர்

திருவனந்தபுரம்,
ஜூலை 21

அன்பு மகள் லிபிக்கு அம்மா எழுதுவது.

திரவியத்தின் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பது நீ. இதை முதலில் எழுதினால்தான் மற்ற நலம் விசாரிக்க எனக்குக் கை வருகிறது. நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவுக்குக் கால் இன்னும் ஆறவில்லை, திரவியத்தின் கம்பெனி விடும் சிமென்டுத் தண்ணீர் பட்ட தோல் உரிந்து உரிந்து வருகிறது, இருந்தும் விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் வரப்பில் போய் நிற்கிறார். நிற்க மட்டும்தான். கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு இந்த வருஷம் விதைக்கவே இல்லை, அறுபது சென்ட் வயலிலும் சிவப்புச் சகதி இறுகிக் கிடக்கிறது, மண்வெட்டி இறங்க மாட்டேன் என்கிறது. மெல்போர்னில் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள், நான் கொடுத்தனுப்பிய கம்பளிக் காலுறையைப் போடுகிறாயா, இல்லை பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா?

நீ போனை எடுப்பதில்லை என்பதற்காக மட்டும் கடிதம் எழுதவில்லை. திரையில் பார்த்தால் நிறம் போனுக்குப் போன் மாறும். அதனால் உனக்குப் பரிசு வாங்கித் தந்த படத்தை நல்ல காகிதத்தில் பிரின்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார். நடுவில் மிதக்கும் அந்தச் சின்ன வாத்து, ஆண் குள்ளத்தாரா, அதன் நெஞ்சு பளிச்சென்று வெள்ளை. கன்னமும் அதே வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்? நீலம் பாய்ந்திருக்கிறது, மூச்சு நின்ற பிள்ளையின் உதடு மாதிரி. ஆரியசாலையில் போட்டோ கலர் லேபில் பதினெட்டு வருஷம் நின்றவளுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். கம்ப்யூட்டருக்கு இதுதான் வெள்ளை என்று காட்ட நீ அந்த நெஞ்சைத் தொட்டிருக்கிறாய், பெரிய இடமாக இருந்ததால் தொட்டிருக்கிறாய். ஜனவரியில் நீ லீவுக்கு வந்து படம் எடுத்த அன்று அந்த நெஞ்சு வெள்ளையாக இல்லை. திரவியத்தின் இன்டர்லாக் கல் கம்பெனியிலிருந்து குழாய் வழியே வந்த ரெட் ஆக்சைடு சாயத்தில் நீந்தி நீந்திச் செங்கல் நிறமாக இருந்தது, தண்ணீர் படாத கன்னம் மட்டும்தான் நிஜ வெள்ளை. கறையை வெள்ளை என்று நீ சொன்னதும் கம்ப்யூட்டர் படம் முழுவதிலிருந்தும் அந்தச் சிவப்பைப் பிடுங்கிவிட்டது. வயலில் நின்ற செங்குழம்பு நீலத் தண்ணீராகிவிட்டது. இதுதான் நீ செய்த காரியம். ஊரில் எல்லாருக்கும் நிறம் சரிசெய்து கொடுப்பது உன் தொழில், உன் அப்பாவின் வயலுக்கு மட்டும் கண் தெரியாமல் போயிற்று.

படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டாய், எல்லாரும் கை தட்டினார்கள், முதலில் தட்டியவன் திரவியம். உன் அப்பாவுக்குத் தம்பி முறை, உனக்குச் சித்தப்பா. ஒரு வாரத்தில் அவன் கேட்டில் பத்தடி ஃபிளெக்ஸ், உன் படம், கீழே உன் பெயர், எங்கள் கம்பெனியின் பக்கத்து வயல் என்று கொட்டை எழுத்து. போன மாதம், அவன் கம்பெனிமேல் நான் கொடுத்த புகாரின் விசாரணைக்கு, நான் போனில் எடுத்த படங்களைக் கொண்டுபோனேன், அவன் உன் படத்தைக் கொண்டுவந்தான். விசாரிக்க வந்த அதிகாரி ஜினு சார் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மலையாளமும் தமிழுமாக, சேச்சியுடெ மோள் எடுத்த போட்டோ அல்லே இது, அவார்டு கிட்டின படத்துல தண்ணி நீலம், சேச்சி போன்ல சிவப்பு, நான் எதை விஸ்வசிக்கணும் என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன். உடனே திரவியம், அண்ணன் பொண்டாட்டி என்ற மரியாதைகூட இல்லாமல், மைனிக்குப் பண்டே கல்யாணப் பொண்ணுகளுக்குச் சாயம் பூசிப் பழக்கம், இப்ப தண்ணிக்கும் பூசிட்டா, கேட்டோ சாரே என்றான். சபைக் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள், நாலு பேரும் சிரித்தார்கள். சிரிப்பார்கள். ஆலய முற்றம் முழுக்க அவன் கல்தான், காசு வாங்காமல் பதித்துக் கொடுத்தான், அதன்மேல் நடந்துபோய் ஜெபம் செய்கிறவர்களுக்கு வயல் எப்படிச் சிவப்பாகத் தெரியும்? எனக்குச் சுட்டது அவன் சொன்னதில் பாதி நிஜம் என்பதால்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பொண்ணை வெளுப்பாக அடி என்பார்கள், அடித்துக் கொடுத்தேன், எத்தனை கறுத்த பெண்களை அவர்களுக்கே தெரியாதவர்களாக ஆக்கியிருக்கிறேன். அந்த வேலையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். போதகர் வீட்டுக்கு வந்து, சுசீலா, கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ சமாதானமாகு என்றார். கர்த்தருக்கு வேறு வேலை இருக்கும் ஐயா, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது அவன் குழாயை மண்ணுக்குள் இறக்கி மூடிவிட்டான், ஜூனில் பெய்த இடவப்பாதி மழையில் மேல்தண்ணீரும் தெளிந்துவிட்டது, அடிச் சகதியைச் செம்மண் என்று சொல்லிவிடுவான், ஜனவரிச் சிவப்பு மற்றவர்கள் நம்பும்படி இருப்பது உன் கேமரா கார்டில் உள்ள கை வைக்காத கோப்பில் மட்டும்தான். நெஞ்சை விட்டுவிட்டு அந்தத் தாராவின் கன்னத்தைத் தொட்டுப் பார், எல்லாம் தானாக வந்து நிற்கும். எது இயற்கை நிறம் என்று யாரம்மா சொல்ல முடியும், எல்லாம் அவரவர் பார்வைதானே என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாய், அதோடு சரி. அப்பாவின் காலில் உள்ள நிறம் யார் பார்வை? இனிமேல் பறவை எடுக்கப் போனால் நிறம் ஒத்துப்பார்க்கச் சாம்பல் அட்டை ஒன்றைக் கரையில் வைத்து அதே வெளிச்சத்தில் முதலில் ஒரு படம் எடுத்துக்கொள், வெள்ளைப் பறவைக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறை, ஆட்டோவை நம்பாதே, உன் கண்ணையும் ரொம்ப நம்பாதே.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி கடைசி விசாரணை. அன்றைக்குத் திரவியம் தன் கையாலேயே அந்த ஃபிளெக்ஸை இறக்க வேண்டும், சிரித்த நாலு பேரும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்கு அந்தக் கோப்பு வேண்டும், கறை பட்ட நெஞ்சை வெள்ளை என்று எடுத்துக்கொண்டேன் என்று உன் கையெழுத்தில் ஒரு கடிதமும் வேண்டும். பரிசைத் திருப்பிக் கேட்பார்கள், கொடு. ஆபீசில் பேச்சு வரும், கேட்டுக்கொள். இரண்டும் வராவிட்டால் என் மகள் எடுத்த படம் பொய் என்று அந்த விசாரணையில் நானே எழுந்து சொல்வேன், உன் பெயரைச் சொல்லித்தான் சொல்வேன், பெற்ற மகள் என்று பார்க்க மாட்டேன்.

கர்த்தர் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும், உன் கையில் நேர்மையான வேலையைத் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, ரத்தம் குறைவு என்று டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதே. இதோடு ஆறாவது தடவையாகக் கேட்கிறேன், அந்தக் கோப்பை அனுப்புகிறாயா, இல்லையா?

உன் அம்மா,
சுசீலாபாய் சற்குணம்