மகள் பெயரில் எழுதிய பதில்கள்

குட்டியின் அம்மாவுக்கு,

இங்கே எல்லாம் ஜாம் ஜாமென்று நடக்கிறது. நீ மாற்றலாகிப் போன இந்த நாலு மாதத்தில் குக்கர்கூட என் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் பள்ளியில் மாணவர்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்க ஆன்லைன் வகுப்பு வைத்தார்கள். "எனக்கு ஒரு அழுத்தமும் இல்லப்பா, கூடைப்பந்துக்கு நேரமாச்சு, நீங்க உட்காருங்க" என்று லேப்டாப்பை என் மடியில் வைத்துவிட்டுக் குட்டி ஓடிவிட்டாள். கேமராவை அணைத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள், விட்டேன். கடைசியில் இருபது கேள்விகள். அவளாக என்னை நினைத்துக்கொண்டு மளமளவென்று பதில் தட்டிவிட்டேன்.

மறுநாள் பள்ளி ஆலோசகர் போன் பண்ணினார். "சார், பதறாதீங்க. வீட்ல பேச ஆளே இல்லன்னு உங்க பொண்ணு எழுதியிருக்கா. சாப்பாடு இறங்கலையாம். எல்லார்கிட்டயும் நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே அலுத்துப்போச்சாம்."

எதிரே குட்டி தன் தட்டில் மூன்றாம் தடவை சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், அது நான்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ வியாழக்கிழமை நீங்க பேச வாங்க சார்" என்றார். போகத்தான் போகிறேன்.

நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். ஆனால் போனில் "சாப்டீங்களா?" என்று நீ கேட்டதும் "ஆச்சு" என்பேனே, அதோடு விட்டுவிடாதே. இன்னொரு தடவை கேள்.

உன் வீட்டுக்காரன்