எழிலுக்கென்று செய்து வைத்த தாலி

ஆனி 6, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். மணலி பக்கத்து ஆலைக் காற்று, தொண்டையில் கசப்பு. துணியை மாடியில் போடவில்லை, கரி படியும்.

இன்று எழிலுக்குக் கல்யாண சீன். அம்மன் கோயில் பின்னால் பந்தல். இருந்தவர்கள்: என் மகள் எழில், மாப்பிள்ளையாக நடிக்கும் சந்துரு தம்பி, டைரக்டர், கேமராக்காரர், அவருக்கு உதவியாக இரண்டு பேர், சாமான்கள் பார்க்கும் ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள், ஐயராக ஒருவர் (நிஜ ஐயர் இல்லை, நடிகர்), நம் தெருப் பெண்கள் ஒன்பது பேர், என் நாத்தனார் கஸ்தூரி, நான். எழிலின் அப்பா இல்லை. லாஞ்சில் கடலுக்குப் போயிருக்கிறார், செவ்வாய்தான் கரை.

ஆர்ட் டிபார்ட்மென்ட் கொண்டு வந்த தாலி நம் சனத்துத் தாலி மாதிரியே இல்லை. கடையில் தொங்கவிட்டு விற்கிற கவரிங். பக்கத்து வீட்டு ராணி பார்த்துவிட்டு, “இன்னாபா இது, யார் வூட்டுக் கல்யாணம்?” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டைரக்டர் முகம் சுருங்கிப் போனது. படத்தில் நம் கரை அப்படியே இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவர். சரியானது யாரிடமாவது கிடைக்குமா அம்மா என்று என்னைக் கேட்டார்.

கழுத்தில் இருப்பதை யார் கழற்றித் தருவார்கள். நான்தான் எழுந்து வீட்டுக்கு ஓடினேன். எழிலுக்கென்று தை மாதம் செய்து வைத்தது பீரோவில் இருக்கிறதே. என் பெண் கழுத்தில் தப்பான தாலி ஊர் பார்க்க வரக் கூடாது என்று ஒரு வீம்பு. புது மஞ்சள் கயிறும் நானே கோத்துக் கொடுத்தேன்.

சந்துரு ஒரு முடிச்சு. மற்ற இரண்டும் கஸ்தூரி, படத்தில் அவள்தான் அவனுக்கு அக்கா. ஒரே டேக். தெருப் பெண்கள் நிஜமாகவே அட்சதை போட்டார்கள். நானும் போட்டேன். கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் விளக்கேற்றும்போதுதான் உறைத்தது. அந்தத் தாலியைச் செய்து வாங்கிய அன்றே அம்மன் பாதத்தில் வைத்து, எழில் பேரும் நட்சத்திரமும் சொல்லி, கல்யாணத்துக்கென்று பூஜை செய்து வாங்கி வந்தது. எண்ணெய் சிந்திவிட்டது. துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி 7, சனி

பால், பூ, கற்பூரம் கணக்கு எழுதியாச்சு. மனசு ஒட்டவில்லை. இரண்டு முறை தப்பாகக் கூட்டினேன்.

கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார், பேர் சொல்லிப் பூஜை பண்ணினதா என்று. ஆமாம் என்றேன்.

“அப்ப அது நகை இல்ல தாயி. கட்டினவன் பேர்ல நிக்கிது. அவுத்து உண்டியல்ல போட்ரு, அம்மா பாத்துக்குவா. அறுக்க மட்டும் வுட்றாத.”

சரி என்று வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான். படத்தின் கதை எனக்குத் தெரியும். கல்யாணமான கொஞ்ச நாளில் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கரையில் வைத்து அவளுக்குத் தாலி அறுக்கிறார்கள்.

மதியம் சந்துரு சாப்பிட வந்தான். திருப்பூர்ப் பக்கம். அப்பா இல்லை, அம்மா பனியன் கம்பெனியில் தைக்கிறாளாம். வஞ்சிரம் குழம்பு, இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினான். நீச்சல் தெரியாதாம் அவனுக்கு. டைரக்டரிடம் தெரியும் என்று சொல்லித்தான் இந்த வேஷமே வாங்கியிருக்கிறான். “சட்டைக்குள்ள மிதவை போட்டுக்குவேன் ஆன்ட்டி, சொல்லிடாதீங்க” என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனி 8, ஞாயிறு

ஷூட்டிங் இல்லை. எழில் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், கழற்றக் கூடாதென்று ஷூட்டிங்கில் சொன்னதால் தாலி கழுத்திலேயே. சிக்கெடுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கோபம். அது என் கழுத்தில் இருக்கும்வரை ப்ராப்பர்டி அம்மா, கம்பெனி சாமான், க்ளோசப் எடுத்தாச்சு, மாற்ற முடியாது என்றாள். நீ யாரிடமும் போய்ப் பேசாதே என்றும் சொன்னாள். ஹீரோயின் அம்மா என்றாலே ஒரு பேச்சு இருக்கிறதாம். ஒரு தடவை அம்மா தலையிட்டாள் என்று பேர் வந்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்களாம்.

தெரியும் எனக்கு. நான்கு வருஷமாக அவளோடு பஸ் மாறி மாறி ஆடிஷனுக்குப் போனவள் நான். ஓரமாக உட்கார்ந்து, டீ கொடுத்தால் குடித்து, கொடுக்காவிட்டால் பேசாமல் இருந்து. கறுப்பு என்றார்கள். பல் என்றார்கள். ஒரு படத்தில் ஹீரோவுக்குத் தங்கச்சி, வசனம் நான்கு வரி. அந்த நான்கு வரிக்கும் வேறு பெண்ணின் குரல். நம்ம பேச்சு லோக்கலாக இருக்கிறதாம். தியேட்டரில் பக்கத்தில் இருந்து பார்த்தேன், தன் வாயிலிருந்து வேறு யாரோ பேசுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த டைரக்டர்தான் முதல் முறையாக, நீ வூட்ல எப்டி பேசுவியோ அப்டியே பேசு என்றவர்.

அதனால் எழிலிடம் மேலே பேசவில்லை. எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டேன், அறுக்கிற சீன் எப்போது. வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை சந்துரு போட்டில் கடலுக்குப் போகும் சீன். படத்தில் முன்னால் வருவதைப் பின்னால் எடுக்கிறார்கள். படகு அன்றைக்குத்தான் கிடைக்கிறதாம்.

அதாவது முதலில் தாலி அறுத்துவிட்டு, மறுநாள் அவனைக் கடலுக்கு அனுப்புகிறார்கள்.

ஆனி 9, திங்கள்

காற்று இல்லை. ஐஸ் கம்பெனிப் பக்கம் மீன் நாற்றம் அசையாமல் நிற்கிறது.

போகக் கூடாது என்று சொல்லியும் போனேன். கஸ்தூரிக்கு மோர் கொடுக்கிற சாக்கு. கரையில் ஒத்திகை. கருங்கல் கொட்டிய இடம். எழிலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்காவாக நடிக்கும் கஸ்தூரி கயிற்றைப் பிடிக்க வேண்டும். அவள் கை கழுத்துக்கிட்டே போனதும் எழிலின் கை தானாகப் போய்த் தாலியை மூடிக்கொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உதடு வெளுத்துப் போச்சு. நேற்று நான் சொன்னதுதான் அது.

டைரக்டர் எழுந்தே நின்றுவிட்டார். இதுதான், இதேதான் என்கிறார். கஸ்தூரி எட்டி வந்து என் காதில், “இன்னா அண்ணி உம் பொண்ணு, எனுக்கே கை உதறிப்போச்சு” என்றாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

டைரக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், நல்ல மனிதர்தான். அதே தட்டானிடம் அதே மாதிரி இன்னொன்று புதன்கிழமைக்குள் செய்து தருகிறேன், பூஜை படாதது, படத்தில் வித்தியாசம் தெரியாது என்றேன். ஒத்துக்கொள்வார் என்றே நினைத்தேன். அவர் எழிலைக் கூப்பிட்டார்.

“இது தெரிஞ்சுதான் உன் கை அப்படிப் போச்சாம்மா?”

ஆமாம் என்றாள்.

மாற்றினால் அந்தக் கை வராது அம்மா என்றார் என்னிடம். முடிவை எழிலிடமே விட்டுவிடுகிறேன் என்றார். என் பக்கம் திரும்பாமல்தான் அவள் பேசினாள்.

“நாலு வருசமா பயந்த மாரி நடிச்சிகினு கீறேன்மா. இன்னிக்குத்தான் நெசமா பயம் வந்துச்சு. அத்த வுட்ற சொல்றியா?”

அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. இருக்கிறது. அதனால்தான் அது அவளுக்கு வேண்டியிருக்கிறது.

மோர்ச் செம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனி 10, செவ்வாய்

லாஞ்ச் வந்துவிட்டது. நல்ல பாடு இல்லை, மீன் கொஞ்சம்தான். அவர் குளித்து, சாப்பிட்டு, பிறகுதான் சொன்னேன். எழிலும் இருந்தாள்.

அவர் சாமி கும்பிடுகிறவர் இல்லை. போட்டில் ஏறும்போது தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு சரி. சும்மா பயந்து சாவாதே என்று என்னைச் சொல்வார், சொன்னால் எனக்கும் ஆறுதலாக இருக்கும் என்று காத்திருந்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்:

“அந்தப் பையனாண்ட யார்னா சொன்னீங்களா?”

இல்லை என்றேன்.

“அவன் பேர்ல கீற கயிறு. அவன உட்டுட்டு நீங்கோ மூணு பேரும் பேசி முடிச்சிட்டீங்கோ.”

எழில் எழுந்துவிட்டாள். அவனிடம் சொல்லக் கூடாது என்றாள். சொன்னால் பயந்துவிடுவான், வெள்ளிக்கிழமை படகில் சிரித்துக்கொண்டே ஏற வேண்டியவன், முகமே மாறிவிடும், படம் கெட்டுப்போகும். அவளுக்குப் பயம் நல்லதாம், அவனுக்குக் கூடாதாம். அப்படித்தான் சொன்னாள், பிறகு தானே அதைக் கேட்டுவிட்டது மாதிரி கொஞ்சம் நின்றாள். கழுத்தில் கயிற்றைத் திருகிக்கொண்டு.

“நீ சொன்னீனா அப்புறம் நான் உங்கூட பேச மாட்டேன்மா.”

கத்திச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

அவர் வெளியே போய் வலைக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

ஆனி 11, புதன். அமாவாசை

காகத்துக்கு வைத்தாச்சு. கோயிலில் கூட்டம். அம்மன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன், சொல்லவா வேண்டாமா. பூ விழுமா என்று பார்க்கவில்லை. விழுந்தாலும் விழாவிட்டாலும் நான் என் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்வேன்.

படம் நன்றாக வர வேண்டும் என்று அவளைவிட நான் வேண்டியிருக்கிறேன். அவள் குரலை அவள் வாயிலேயே கேட்க வேண்டும் என்று. அதுவும் நிஜம்.

ஆனால் திருப்பூரில் ஒருத்தி மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

எழில் காலையிலேயே கிளம்பிவிட்டாள். காபி அப்படியே இருக்கிறது. சந்துரு நம்பர் என் போனில் இருக்கிறது, அன்றைக்கு வழி கேட்டுக் கூப்பிட்டது. எழுதி எழுதி அழித்து, கடைசியில் அனுப்பியது இது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சந்துரு தம்பிக்கு, எழில் அம்மா. வெள்ளிக்கிழமை நீ கட்டியது ஷூட்டிங் தாலி இல்லை. எழில் கல்யாணத்துக்கென்று அம்மன் பாதத்தில் வைத்து வாங்கிய தாலி. எடுத்துக் கொடுத்தது நான், தப்பு என்னுடையது. நாளைக்கு அறுக்கப் போவது அதைத்தான். அதற்கு அடுத்த நாள் நீ கடலில் ஏறுகிறாய். எழிலும் டைரக்டரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள், உன்னை யாரும் கேட்கவில்லை. உனக்கு இதில் நம்பிக்கை இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. பரவாயில்லை என்று நீ சொன்னால் நான் வாயே திறக்க மாட்டேன். வேண்டாம் என்றால் நாளைக் காலை நானே வந்து அவிழ்த்துவிடுகிறேன், என் பெண் என்னை என்ன சொன்னாலும் சரி. உன் அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். சீக்கிரம் பதில் சொல்லுப்பா.