கூரைமேல் ஒரு மணி நேரம்

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதைத் தவிர நீ எனக்கு வேறு வழி வைக்கவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "வேலைல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதமும் பேனாவும்.

பேராலயத்துக் கூரையைத் திரும்பக் கட்டும் தச்சர்களில் நீயும் ஒருவன் என்று மருந்துக்கடை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கூடப்பிறந்தவள் அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியா இது? அத்தானிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "நல்லது. அவன் வேலை சுத்தமா இருக்கும்" என்றார்.

அந்தக் கூரை எரிந்த அன்று அதற்கு மேஸ்திரியாக இருந்த உன் அத்தான், இப்போது ஒரு கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார். மூன்று வருஷமாகப் பேராலயத் தெருவில் கால் வைத்ததில்லை. பஸ் அந்தப் பக்கம் திரும்பும் முன்பே இறங்கி, சுற்றி நடந்து வருகிறார். போன வாரம் முடிவெட்டும் கடையில் யாரோ "தீ மேஸ்திரி" என்றார்களாம். பாதி வெட்டோடு எழுந்து வந்துவிட்டார். மீதியை நான்தான் கோணல்மாணலாக வெட்டிவிட்டேன்.

ஒரு வேளை வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் போயேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்து நாளுக்கு மேல் அலைந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

வேலை கடினம். எரிந்துபோன உத்திரங்களின் அதே அளவில், அதே மூட்டுகளோடு புது உத்திரங்களைச் செதுக்குகிறோம். பழைய தச்சர்கள் மரத்தில் கீறியிருந்த அடையாளங்கள்கூட, எரிவதற்கு முன் எடுத்த படங்களில் இருக்கின்றன, அவற்றையும் விடவில்லை. இரும்பில் கட்டியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். உள்ளே கரி வாசனை இன்னும் போகவில்லை. கூரையிலிருந்து உருகி வழிந்த ஈயம் எங்கும் தூசியாகப் படிந்திருப்பதால், குளித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். நான் இரண்டு தடவை குளிக்கிறேன்.

வரச் சொல்கிறாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்? விசாரணைக் குழு முன்னால் அத்தான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். உனக்காகப் பொறுத்துக்கொண்டார் என்று தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் என் பழியைச் சுமக்கிறார். நன்றி சொல்லக்கூட எனக்கு நா எழவில்லை. நீயே சொல்லிவிடு.

உன் தம்பி


மே 6

தம்பி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என்ன பழி? யார் யாரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது?

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அன்று ஈயத் தகடுகளைப் பற்றவைத்து முடித்த பிறகு, பொறி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ஒரு மணி நேரம் மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டியவன் நீ. மேஸ்திரி கீழேயிருந்து கை காட்டினார், அதனால்தான் முன்னாலேயே இறங்கினேன் என்று குழுவிடம் சொன்னாய். இவரும் ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான்.

அவர் உன்னைக் காப்பாற்றவில்லை. உன்னை நம்பினார். விசாரணையிலிருந்து வந்த அன்றே என்னிடம் சொன்னார்: "எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா அவன் எதுக்குப் பொய் சொல்லப்போறான்? நான்தான் கை காட்டியிருப்பேன்." சாரத்தில் நிற்பவர்களைக் கை காட்டிக் கூப்பிடுவது அவர் வழக்கம்தானே. மறதி நோயோ என்று பயந்து டாக்டரிடம் போனார். தலையைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். அதையும் அவர் நம்பவில்லை. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று இன்றைக்கும் மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கிறார்.

நேராகவே கேட்கிறேன். அவர் கை காட்டினாரா, இல்லையா?

அக்கா


மே 29

அக்கா,

காட்டவில்லை.

அன்று சாரல் அடித்தது. கை விறைத்துப்போயிற்று. இருபது நிமிஷம்தான் உட்கார்ந்தேன். கீழே உடை மாற்றும் அறையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், போய்ச் சேர்ந்துகொண்டேன். அவ்வளவு அற்பமான காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் வெளியே சொல்லவாவது வாய் வந்திருக்கும். யாரோ "புகை" என்று கத்தினபோது என் கையில் நல்ல சீட்டு இருந்தது. அதுகூட மறக்கவில்லை.

அந்தப் பொய்யை நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. கேட்டார்கள், வந்துவிட்டது. அத்தான் மறுப்பார், நான் மழுப்புவேன், எப்படியோ போகும் என்று நினைத்தேன். அவர் "ஆமா, காட்டியிருப்பேன்" என்றதும், தெரிந்தே என்னைக் காப்பாற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்த மனிதர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் கடிதம் வந்த பிறகும் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. உத்திரம் ஏற்றுகிற நாள் போகட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். முதல் உத்திரம் நேற்று மேலே போனது. தெருவில் ஜனங்கள் கை தட்டினார்கள். தலைமைத் தச்சர் என் தோளைத் தட்டி, "உன் மூட்டு மயிரிழைகூடப் பிசகல" என்றார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பொறியாளர் அறைக்குப் போய், நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. "ஹெல்மெட்டைக் கழட்டி இங்க வச்சிட்டுப் போங்க" என்றார்.

விசாரணையை மறுபடி திறக்கப்போகிறார்கள். வருவது வரட்டும். எழுதிக்கொடுத்ததன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அத்தானுக்குப் படித்துக்காட்டு. என் வாயால் சொல்ல வேண்டியது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

படித்துக்காட்டினேன். "அப்ப நான் கை காட்டலையா?" என்றார். இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். பிறகு அவரே காகிதத்தை வாங்கி, அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வெளியே வந்ததும் உன்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். என்னிடம், "மூணு வருஷமா உன் முகத்தைக்கூட நிமிர்ந்து பாத்து நான் பேசல" என்றார்.

அது என்னைச் சுட்டது. "நீங்கதான் காட்டியிருப்பீங்க, விடுங்க" என்று ஆறுதல் சொல்வதாக நினைத்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கும் மனிதரைவிட, போன்கூட எடுக்காத தம்பியை நம்பியிருக்கிறேன். அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.

நீ இப்போது வராதே. விசாரணையில், அவர் காது கேட்க, உன் வாயால் சொல். அன்றைக்கு நானும் வருவேன். அவர் பக்கத்தில்தான் உட்காருவேன். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

வேலை இல்லை என்று பட்டினி கிடக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா