குழு அறையில் சித்தப்பா சொன்ன நன்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, உடம்பளவில் அது உண்மையும்கூட, அதற்கு மேல் இன்றைக்குச் சொல்ல வரவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, விடுதி அறையில் உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்களா, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், நீயும் பரீட்சையை விட்டுவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படுத்தாயிற்று. சமையலறை மேசை ஆடுகிறது, எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

மசோதா விஷயம் இன்று முடிந்துவிட்டது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரிசையாக வருகிறது. சித்திக்குப் பித்தப்பையில் கல் என்று சாதாரண ஆபரேஷனுக்குத்தான் போனாள், மாற்றுப் புடவை ஒன்று போதும் அக்கா, நாளைக்கு மறுநாள் வந்துடுவேன்ல என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே வெட்டக்கூடாத குழாயை வெட்டிவிட்டார்கள், திரும்பி வரவில்லை. நாங்கள் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் கொடுத்தோம். டாக்டர்களே உட்கார்ந்து டாக்டரை விசாரிக்கிற இடம் அது, எங்களை உள்ளே விடவில்லை, விசாரணை முடிந்தது என்று மட்டும் பதில் வந்தது. அந்த டாக்டர் மேல் அதற்கு முன்பே இரண்டு புகார் இருந்ததும், அதெல்லாம் கவுன்சில் அறைக்குள்ளேயே அடங்கிப்போனதும் பத்திரிகைக்காரர் ஒருவர் தோண்டி எழுதிய பிறகுதான் நமக்கே தெரியும். அப்போதுதான் நம் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் கவுன்சிலைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். அதில் நமக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பிரிவு. ஒரு டாக்டர் மேல் முன்பு என்ன புகார் வந்தது, அது என்ன ஆயிற்று என்று யார் கேட்டாலும் கவுன்சில் சொல்லியாக வேண்டும் என்பது. அது இருந்திருந்தால் சித்தியை அவரிடம் கூட்டிப்போயிருக்கமாட்டோம். அவ்வளவுதான் பாப்பா, அதற்காகத்தான் இந்த அலைச்சல் எல்லாம்.

மசோதாவை ஆராய்கிற சட்டமன்றக் குழுவின் முன்னால் பேச நம் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். நான் பேசுகிறேன் என்றேன், சித்தப்பா விடவில்லை, என் பொண்டாட்டிக்கு நான் பேசாம யாரு பேசறது என்றார். லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற மனுஷன், மேடை பார்த்தவரில்லை, ஆனாலும் சொல்ல வைத்திருந்த விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் பார்க்கிற ஒவ்வொரு லிஃப்டிலும் கடைசியாக எப்போது சோதித்தோம், என்ன பழுது இருந்தது என்று உள்ளே அட்டை மாட்டுகிறோம், ஏறுகிற யாரும் படிக்கலாம், கத்தியின் கீழே படுக்கிறவர்களுக்கு அப்படி ஒரு அட்டை இல்லையே என்று கேட்கப்போவதாகச் சொன்னார். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறார். உன் அப்பாகூட, சகலை, நீங்க இப்படியே பேசினா அடுத்த தேர்தல்ல நானே உங்களுக்கு போஸ்டர் ஒட்டறேன் என்று கிண்டல் பண்ணினார்.

அங்கே போய் மைக் முன்னால் உட்கார்ந்ததும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. நம் வீட்டில் யார் மேல் குறை சொன்னாலும் முதலில் அவர்கள் செய்த நல்லதைச் சொல்லிவிட்டுத்தானே ஆரம்பிப்போம், பால்காரரிடம் தண்ணீர்ப் பாலுக்குச் சண்டை போடுவதானாலும் இத்தனை வருஷமா தவறாம வர்றீங்க என்று தொடங்குகிற குடும்பம் நம்முடையது. சித்தப்பாவும் அப்படித்தான் தொடங்கினார். டாக்டர் ஐயா ரொம்ப மரியாதையானவர், அவ இறந்தப்ப அவரே வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டார், அதுக்கு அவருக்கு நன்றி சொல்லணும் என்றார். அட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் குழுவில் இருந்த ஒருவர், அவரும் ஒரு காலத்தில் டாக்டராக இருந்தவர்தான், மைக்கை இழுத்துக்கொண்டார். பாருங்க, மனைவியைப் பறிகொடுத்தவரே நன்றி சொல்றார், இப்பேர்ப்பட்ட மனுஷனோட பேரையா ஊர்ச் சுவர்ல ஒட்டப்போறீங்க என்று கேட்டார். அறையில் நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். சித்தப்பா, இல்லைங்க, நான் சொல்ல வந்தது என்று ஆரம்பித்தார், நேரம் முடிந்தது என்று மைக் விளக்கை அணைத்துவிட்டார்கள். மதியமே அந்தப் பிரிவை நீக்கிவிட்டு மிச்ச மசோதாவை அனுப்பிவிட்டார்கள். மிச்சம் என்பது கவுன்சிலில் டாக்டர் அல்லாதவர்கள் இரண்டு பேர் உட்காரலாம் என்பது மட்டும். நம் உறுப்பினர் நடைபாதைக்கு வந்து என் தோளைத் தட்டி, வருத்தப்படாதீங்கம்மா, ஒரு கையை எடுத்துட்டு மசோதாவோட உயிரைக் காப்பாத்தியிருக்கேன் என்றார். எடுத்தது எந்தக் கைன்னு தெரிஞ்சுதான் பேசறாரா என்று உன் அப்பா என் காதில் முணுமுணுத்தார்.

 பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடத்தில் சித்தப்பா என்னைப் பார்த்து, அக்கா, நான்தான் கெடுத்துட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சொல்லாவிட்டாலும் அவர்கள் நீக்கத்தான் இருந்தார்கள், முன்பே பேசிவைத்தது என்று அந்தப் பத்திரிகைக்காரரும் சொன்னார். ஆனால் சித்தப்பா கேட்கிற நிலையில் இல்லை. இங்கேதான் படுத்திருக்கிறார், தட்டில் போட்டது அப்படியே ஆறிக் கிடக்கிறது.

இனி நான் சொல்லப்போவதற்கு நீ கோபித்துக்கொள்ளாதே கண்ணு. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே டிகிரி வாங்கினவள், உன்னை டாக்டராகப் பார்க்க எனக்கு இருக்கிற ஆசை உனக்குத் தெரியாததல்ல. சித்தி இருந்த வார்டில் வேலை பார்த்த நர்ஸ் இன்று கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த டாக்டரைப் பத்தி வார்டுல எங்க எல்லாருக்கும் தெரியும்க்கா, எங்க வீட்டு ஆளுங்கன்னா அவர்கிட்ட விடவே மாட்டோம் என்று அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் போன மாதம் நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, உங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு ஆபரேஷன் நேரத்தில் கை நடுங்கும், நீங்களெல்லாம் அவருக்குப் பூகம்பம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று. நானும் சேர்ந்துதானே சிரித்தேன். நாளைக்குக் காலையில் அவரிடம் ஆபரேஷனுக்குப் போகிறவளுக்கு அந்தப் பெயர் தெரியுமா பாப்பா? அவளும் மாற்றுப் புடவை ஒன்றுதான் எடுத்து வந்திருப்பாள். உனக்கு மார்க் போடுகிறவர் அவர், நீ வாய் திறந்தால் உன் படிப்பு என்ன ஆகும். பேசு என்று சொல்லத் தாய் மனசு வரவில்லை, பேசாதே என்று எழுத, தங்கையைப் பறிகொடுத்தவளுக்குக் கை வரவில்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்காதே.

நல்லபடியாக இரு, நோய் நொடி அண்டாமல், மனசு மரத்துப்போகாமல் நீண்ட நாள் இரு. அப்பாவும் உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் சித்தப்பாவுக்குப் போன் பண்ணு. அவர் அதே கேள்வியைத்தான் கேட்பார், அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதே. அந்த லிஃப்ட் அட்டை விஷயத்தைக் கேள். யாரும் இன்னும் அவரை அதைச் சொல்லி முடிக்க விடவில்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா