ஓடைச் சரிவின் ஏழு செடிகள்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன், அதுவும் வேலை விஷயமாக. கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் கல்லூரித் தோட்டத்தில் இடுப்புயரப் புதர் ஒன்று இருக்கிறது. இந்த மண்ணுக்கே உரியது. மார்ச்சில் நீலமாகப் பூத்துக் கொட்டும். ஒரு காய் பிடிக்காது. தன் மகரந்தம் தனக்கே சேராத இனம். இங்கிருப்பவை எல்லாம் ஒரே தாய்ச்செடியின் பதியன்கள். இதே இனத்தில் வேறொரு தாயின் செடி வேண்டும். நீ அளக்கும் புதுச் சாலை போகும் ஓடைச் சரிவில் முன்பு இருந்ததாகப் செடியை உலர்த்தி ஒட்டிவைத்த பழைய தாள் ஒன்றில் குறிப்பு இருக்கிறது. இலையின் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். பார்ப்பாயா?

அக்கா

பிப்ரவரி 16

அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்து, உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துபோனேன். பார்த்தால் செடி.

ஏழு இருக்கின்றன, மொட்டோடு. சரியாக நான் போட்ட கோட்டின் மேல். இன்ஜினியரிடம் சொன்னேன். "செடிதானேப்பா, பிடுங்கி வேற எடத்துல வச்சிடலாம்" என்றார். வைக்கலாமா?

தம்பி

பிப்ரவரி 23

தம்பி,

வேண்டாம். வேர் பாறையிடுக்கில் ஆழமாகப் போயிருக்கும், பிடுங்கினால் பிழைக்காது. பூக்கும்வரை வேலையை நிறுத்திவை, போதும். மார்ச் 12ஆம் தேதி மகரந்தம் எடுக்க வருகிறேன். அன்றைக்கு நாம் கொஞ்சம் பேசவும் வேண்டும்.

அக்கா

மார்ச் 8

அக்கா,

வராதே. நேற்றே இயந்திரம் வந்துவிட்டது. குறுக்கே போய் நின்றேன். ஓட்டுநர் இறங்கி வந்து, "சார், நான் மாட்டேன்னா இன்னொருத்தன் ஏறுவான். உங்க கையெழுத்துதானே சாலை வரைபடத்துல இருக்கு?" என்றார். இருந்தது. நகர்ந்துவிட்டேன்.

நாலைந்து பூங்கிளைகளை ஈரத்துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இப்படித்தான் தாமதமாக வந்து நின்றேன். நீ அன்று சொன்னது சரிதான்.

தம்பி

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

பொட்டலம் வந்து சேர ஆறு நாள் ஆகிவிட்டது. பூ அழுகியிருந்தது. இருந்தும் தூரிகையால் ஒற்றி, எங்கள் பூ ஒவ்வொன்றிலும் தடவினேன். ஒரு காய்கூடப் பிடிக்காமல் நேற்றோடு எல்லாம் உதிர்ந்துவிட்டன. கிளைகளை நட்டுப் பார்த்தேன், கறுத்துவிட்டன. இனி செய்ய எதுவும் இல்லை.

அம்மா விஷயம். நீ முந்தின நாளே வந்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள். டாக்டர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டேதான் எல்லோர் முன்னாலும் "இனிமே எனக்குத் தம்பியே கிடையாது" என்று உன்னிடம் கத்தினேன். தனியாகத் தாங்க முடியவில்லை. யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

அங்கே பார்க்க ஒன்றும் இல்லையென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வீட்டில் இரு.

அக்கா