பட்டியலைக் கெடுத்தது நான்தான், மச்சான்

என் காதர் மச்சானுக்கு,

நீ அடங்கியிருக்கிற கபருஸ்தானுக்கு வந்து சொல்ல வேண்டிய சலாமை இங்கே எழுதிச் சொல்கிறேன். மூன்று வெள்ளிக்கிழமையாக உன் பக்கம் வரவில்லை. வர முகமில்லை. இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் அதுதான் காரணம். உன்னிடம் மட்டும் சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், விஷயம் அங்கேயே முடிந்துபோகும்.

அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் வந்தபோது உன் எச்சரிக்கை அழைப்பு நேரத்துக்குப் போகவில்லை. உன் புரோகிராம் பழுதாகிவிட்டது என்று நம் வெள்ள எச்சரிக்கைக் குழுவில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். "பாவம், காதர் செஞ்சது காதரோடயே போச்சு" என்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. குழுவில் புரோகிராம் தெரிந்தவன் இப்போது நான் ஒருத்தன்தான், நானே பேசாமல் இருந்தால் அவர்கள் நம்பத்தானே செய்வார்கள்? வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடி, உன்னுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்மார்ட்போன் செயலி ஒன்றுக்கு மாறப்போகிறார்கள். ஆற்றுக்குள் ஆடு மேய்க்கிற சுடலை அண்ணாச்சியிடம் இருப்பது பட்டன் போன். நம் பட்டியலில் பாதிப் பேர் அவரைப் போலத்தான்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்காக. மேலே அணையில் தண்ணீர் கூட்டித் திறந்தால் ஆற்றுக்குள் இருப்பவர்களுக்குப் போன் போட வேண்டும். அதற்கு நீ ஒரு பழைய லேப்டாப்பும், சிம் கார்டு போட்ட ஒரு சின்ன மோடமும் வைத்திருந்தாய். ஒரு பட்டியல்: ஒரு வரிக்கு ஒரு ஆள், பெயர், இடம், போன் நம்பர், நடுவில் டேப் விசையால் இடைவெளி. அதைப் படித்து ஒவ்வொரு நம்பராக அழைக்க, நீயே எழுதிய இருபது வரி. எடுத்தவர் காதில் நீ பதிந்துவைத்த உன் குரல் விழும்: "ஆத்துல தண்ணி வருது மக்களே, கரையேறுங்க. ஆடு மாட்டயும் ஏத்துங்க." அவ்வளவுதான் உன் மென்பொருள். எல்லாம் கட்டற்றது, எல்லாம் சின்னது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

பார்க்கலாம்தான், உன் லேப்டாப்பில் பார்க்க முடிந்தால். உன் கறுப்புத் திரையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. மெனு கிடையாது, மௌஸ் கிடையாது. விசைகளில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. போதாக்குறைக்கு உன் எடிட்டரில் ஒவ்வொரு விசைக்கும் உன் இஷ்டத்துக்கு ஒரு வேலை வைத்திருந்தாய். 'அ' வரும் என்று தட்டினால் வரி அழியும். என் எடிட்டரை நீ பண்ணாத கேலியா? பக்கத்துக்கு ஒரு பட்டை, கலர் கலராகப் படம், நாற்பது துணை நிரல். "ஏலே, கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருக்கு. எழுதுததுக்கு எங்கலே இடம்?" என்பாய். "ஒம்மது மட்டும் என்ன வே, கரண்டு போன வீடு மாதிரில்லா இருக்கு?" என்பேன் நான். பத்து வருஷச் சண்டை அது. கடைசியில் சண்டையில் யார் ஜெயித்தது என்று கேட்காதே.

நீ போன பதினைந்தாம் நாள் சுடலை அண்ணாச்சியின் நம்பர் மாறியது. பழைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். புது நம்பரைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். உன் எடிட்டரைத் திறந்தேன், இரண்டு விசை தட்டினேன், எதுவோ மறைந்தது. பயந்துபோய் மூடிவிட்டேன். மைமூன் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். என் தங்கை, உன் மனைவி, உனக்காக இத்தா காத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறவள், அந்த அறையை விட்டு அவள் எங்கே போவாள்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியலை என் லேப்டாப்புக்குக் கொண்டுபோனேன். என் எடிட்டரில் திறந்து, நம்பரை மாற்றி, சேமித்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம். பெருமையாகக்கூட இருந்தது.

என் எடிட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் கற்றுக்கொடுத்த பழக்கம்தான். எந்த ஃபைலைச் சேமித்தாலும் அது தானாகவே சுத்தம் பண்ணும். டேப் இருக்கிற இடத்திலெல்லாம் அதை எடுத்துவிட்டுச் சாதாரண இடைவெளியை நிரப்பும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி வெற்றிடம்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உன் இருபது வரிக்கு டேப்தான் அடையாளம். டேப் இல்லாவிட்டால் பெயர் எங்கே முடிகிறது, நம்பர் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு நம்பரை ஏற்றப்போய் பட்டியல் முழுவதையும் ஊமையாக்கிவிட்டேன்.

தண்ணீர் வந்த அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு உன் வீட்டுக்குள் நுழையும்போது போன் வந்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ராமசுப்பு சார். ஆற்றங்கரையில் வீடு, நம் குழுவுக்குக் கண் அவர்தான். "இஸ்மாயில், படித்துறையில ரெண்டு படி முழுகிடுத்து. ஜலம் கலங்கலா வரது. ஒடனே காதரோட மிஷினைத் தட்டுங்கோ" என்றார். சுடலை அண்ணாச்சி அன்று சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஆற்று நடுத் திட்டில் ஆடுகளை விட்டிருந்தார். அங்கே தண்ணீர் போய்ச் சேர இரண்டு மணி நேரம் இருக்குமா? ஒன்றரையா?

உன் அறைக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்து, நீ சொல்லிக்கொடுத்த அந்த ஒரு கட்டளையை அடித்தேன். திரையில் எதுவும் வரவில்லை. வராதுதானே? "நல்ல புரோகிராம் வேலைய முடிச்சா வாயத் தொறக்காதுலே. கோளாறு இருந்தாத்தான் பேசும்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! பேசாததைப் பார்த்து நிம்மதியானேன். ராமசுப்பு சாருக்குப் போன் பண்ணி "எல்லாருக்கும் போயிட்டு சார்" என்று சொன்னேன். உன் உம்மா சோறு வைத்தார்கள், உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மைமூன் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"காக்கா, நெசமாவே அனுப்பிட்டியளா?"

"அனுப்பி முக்கா மணி நேரமாச்சே."

"அப்ப இந்த மோடத்துல ஏன் வெளக்கு மினுங்கல? அவுக அனுப்பும்போது நிக்காம மினுங்கிக்கிட்டே கெடக்கும். நானும் அப்பத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மோடத்தில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. என் கை ஈரம் காயவில்லை. ஒரு அழைப்புகூடப் போகவில்லை என்பது எனக்கு அந்த நொடியில் புரிந்தது, ஏன் என்பது புரியவில்லை. சுடலை அண்ணாச்சிக்கு என் போனிலிருந்து அடித்தேன். எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்றால் அவர் எடுப்பதில்லை என்று நீதான் சொல்லியிருக்கிறாய். மறுபடியும் அடித்தேன், மறுபடியும் மணி அடித்து நின்றது. சேரன்மகாதேவியில் எனக்கு வேறு யாரையும் தெரியாது.

"தள்ளுங்க காக்கா" என்று மைமூன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். கடைசி மூன்று மாதம் நீ படுக்கையில் இருந்துகொண்டு விசையைச் சொல்ல, அவள்தான் தட்டினாளாமே? எனக்கு யாருமே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேய்ந்த விசைகளை அவள் பார்க்கக்கூட இல்லை. விரல் தானாகப் போனது. பட்டியல் திறந்தது. "இதுல ஒரு அம்பையும் காணுமே?" என்றாள். உன் எடிட்டரில் டேப் இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு அம்பு தெரியும்படி நீ வைத்திருந்தாயாம். நீ தேதி போட்டு வைத்திருந்த பழைய நகலைப் பக்கத்தில் திறந்தாள். அதில் வரிக்கு இரண்டு அம்பு. என் கை பட்டதில் ஒன்றுகூட இல்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை, "அண்ணாச்சி புது நம்பரச் சொல்லுங்க, பைய சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள்.

பத்து எண்ணைச் சொல்வதற்குள் எனக்கு இரண்டு தடவை நாக்குக் குழறியது. அவள் அதைப் பழைய நகலில் ஏற்றினாள், அவருடைய வரியை முதல் வரியாக நகர்த்தினாள், கட்டளையை அடித்தாள். விளக்கு மினுங்க ஆரம்பித்தது. ஒரே மணியில் அவர் எடுத்துவிட்டார். அவருக்கு மனப்பாடமான உன் நம்பராயிற்றே.

ஆள் பிழைத்துக்கொண்டார், மச்சான். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, தொடை அளவில் கரையேறினாராம். பதினொரு ஆடு போய்விட்டது. முக்கால் மணி நேரம் முன்னால் போன் போயிருந்தால் நனையாமல் ஏறியிருக்கும் ஆடுகள்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நம்பர்கூடக் கிடைக்காத பட்டியலைப் பார்த்தும் சும்மா இருக்கிற புரோகிராமை ஏன் எழுதினாய்? "ஒண்ணும் கெடைக்கல" என்று ஒரு வரி சொன்னால் உன் மௌன விரதம் கலைந்துவிடுமா? இப்போது அந்த வரியை மைமூனும் நானும் சேர்த்துவிட்டோம். இருபத்தோரு வரி ஆகிவிட்டது, நீ திட்டுவாய். திட்டிக்கொள். அம்பு தெரிகிற உன் எடிட்டரில்தான் எழுதினோம். அவள் ஒவ்வொரு விசையாகச் சொல்கிறாள், நான் தடுமாறுகிறேன், இத்தனை நாளுக்குப் பிறகு அவள் சிரிக்கிறாள். குரலைப் புதிதாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். எழுந்துபோய்விட்டாள். நான் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் சுடலை அண்ணாச்சியைப் பார்க்கச் சேரன்மகாதேவிக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். மிச்ச ஆடுகளோடு மேட்டில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காதர் தம்பி கொரலு கேட்ட ஒடனே ஏறிட்டேன் வே. அவரு கூப்பிடலேன்னா நானும் ஆத்தோட போயிருப்பேன். ஆனா காதர் தம்பி எப்பவும் முந்திக் கூப்பிடுதவராச்சே, இந்தத் தடவ ஏன் இம்புட்டுப் பிந்திட்டாரு? ஒடம்புக்குச் சொகமில்லையோ?"

நீ இறந்தது அவருக்குத் தெரியாது, மச்சான். முந்தின நாள்தானே உன்னோடு பேசியிருக்கிறார்? "ஆமா அண்ணாச்சி, கொஞ்சம் சொகமில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் குரலை வைத்தே என் தப்பை மறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசிப்பேன். உன் புரோகிராமைத் தூக்கிப் போட விட மாட்டேன். அங்கிருந்து நேரே சேரன்மகாதேவிக்குப் போவேன். காதர் பிந்தவில்லை, பிந்தியது நான் என்று அண்ணாச்சியிடம் சொல்வேன். நீ இல்லை என்பதையும் சொல்வேன். இரண்டில் எதை முதலில் சொல்வது என்பது மட்டும்தான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன் மைமூனுக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
இஸ்மாயில்
மேலப்பாளையம்